ரேகை இல்லையாம் கையில்!

“கட்டைவெரல வையி ஆயா!”

வைத்தாள்.

“நல்லா அழுத்தி வையி!”

அழுத்தினாள்.

“ம்ஹூம்... பொருந்தலியே! அந்தக் கையி... ஆள்காட்டி வெரலு... தொடச்சிட்டு வையி...”

முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். தலைமயிரில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு வைத்தாள். பத்து விரலையும் பார்த்தது அந்தப் பொல்லாத கருவி; பத்தையும் தள்ளிற்று. அறுபத்திரண்டு ஆண்டுகளாக அவள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் விரல்கள், தோழர்களே, அவளுடையவை அல்லவாம்!

“சர்வர் சரியில்ல போலருக்கு. நாளைக்கி வா ஆயா.”

“சர்வரா? நா என்ன ஓட்டல்ல இட்லி திங்கவா வந்தேன் சாமி? அரிசி வாங்க வந்தேன்!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வெயிலில் இறங்கி நடந்தபோதுதான் நெஞ்சில் சுருக்கென்றது. அன்று அவள் களையெடுக்கப் போகவில்லை. கூலி போயிற்று. அரிசியும் வரவில்லை. மறுநாளும் இதே கதையானால் இரண்டு நாள் கூலி!

பெரம்பலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு நியாயவிலைக் கடை வாசலில் நாம் கண்ட காட்சி இது. ஊர்ப்பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் கடைக்காரப் பிள்ளையின் தலையில்தான் விடியும். அவர் என்ன செய்வார் பாவம்! பெட்டி சொன்னதை அவர் சொன்னார். பெட்டிக்கு யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அந்த யாரோ எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள். அவர்கள் விரல்கள் வழவழப்பானவை. வைத்ததும் பச்சை விளக்கு எரியும்.

எந்தக் கைக்கு ரேகை இல்லாமற் போகிறது? அதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

ரேகை என்பது என்ன? விரல் நுனித் தோலில் மேடும் பள்ளமுமாக ஓடும் வரிகள். ஒரு வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளை பிரிகிறது என்று கருவி புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. முன்பு ஆதாருக்காக விரலை வைத்தபோது எடுத்த புள்ளிகளோடு அவற்றை ஒத்துப் பார்க்கிறது. ஒத்தால் நீ நீதான். ஒவ்வாவிட்டால் நீ வேறு யாரோ. மேடு தேய்ந்துவிட்டால் புள்ளி ஏது? தோல் வறண்டு வெடித்துவிட்டால் இல்லாத வரிகள் முளைத்துவிடும். வயதாக ஆகத் தோல் வற்றும், அது இயற்கை. வயதாகுமுன்பே தேய்வது உழைப்பினால்.

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. பருத்தி எடுக்கும் பெண்ணின் விரல் நுனியைக் காய்ந்த காயின் முனை நாள் முழுதும் கீறுகிறது. வெங்காயத்தைப் பிடுங்கித் தாளும் வேரும் அறுக்கிறவளின் கையில் மண்ணும் சாறும் ஊறிக் கறுத்துப் போகிறது. கல்லுடைக்கும் தொழிலாளியின் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரியலூர்ப் பக்கம் வந்தால் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரத்தில் முந்திரி. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலே ஓர் எண்ணெய் உண்டு, தோலை எரித்து உரித்துவிடும்! அதை உடைத்து உடைத்து, விரல் நுனி வெந்து வெந்து, வரியென்பதே மறந்துபோன கைகள் எத்தனை!

பிறகு சிமெண்ட். அரியலூருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே அதுதானே! கடல் இருந்த இடம் இது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அலையடித்துக் கிடந்த தரை. அந்தக் கடல் வாழ் உயிர்களின் கூடும் ஓடும் படிந்து சுண்ணாம்புக் கல்லாயிற்று. 1979-ல் அரசின் சிமெண்ட் ஆலை இங்கு எழுந்தது; தனியார் ஆலைகளும் வரிசையாக நின்று புகை கக்குகின்றன. அந்தச் சிமெண்ட், ஈரம் பட்டால் காரம் ஏறித் தோலைத் தின்னும். மூட்டை தூக்குகிறவன், கலவை போடுகிறவன், சித்தாள் வேலைக்குப் போகிறவள் எல்லோரையும் தின்னும். சென்னையிலும் கோவையிலும் அடுக்கடுக்காக எழும்பிய மாளிகைகளில் அரியலூர்ச் சுண்ணாம்பு மட்டுமா இருக்கிறது? அரியலூரான் விரல் ரேகையும் கரைந்து போய்ச் சேர்ந்திருக்கிறது!

சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாயிற்றாம். மரமென்று இன்றும் யாரும் கண்டதும் சொல்லிவிடுவார்கள். நாற்பதாண்டு உழைத்த கையைக் கண்டால் மட்டும் ‘இது யார் கை?’ என்று கேட்கிறது கருவி.

தேய்ந்துவிட்டதா? புதுப்பித்துக்கொள் என்கிறார்கள். ஆதார் மையத்துக்குப் போய் மறுபடி விரலை வைக்க வேண்டும். அதற்குக் கட்டணம் 100 ரூபாயாக இருந்தது. 2025 அக்டோபர் முதல் 125 ரூபாய். உழைத்ததற்குக் கூலி கேட்டுப் போராடிய காலம் ஒன்று. உழைத்துத் தேய்ந்ததற்கு நாம் கட்டணம் கட்டும் காலம் இது!

கைநாட்டு என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள், தோழர்களே. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் அது வசவு. “அவன் கைநாட்டுப் பேர்வழி” என்றால் எழுத்தறியாதவன், எதிலும் ஏமாறக் கூடியவன் என்று பொருள். வட்டிக்கடைக்காரன் நீட்டிய தாளிலே என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல், கறுப்பு மையில் பெருவிரலை ஊன்றி, ஊன்றிய விரலின் ஈரம் காய்வதற்குள் நிலத்தை இழந்தவர்கள் எத்தனை பேர்!

இந்த ரேகைக் கலை பிறந்ததே நம் நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1858-ல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைத் துரை, சாலைக்குச் சரளைக்கல் கொடுக்க ஒப்பந்தம் பேசிய ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் மேல் பதியச் செய்தார். ஏன்? கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு ‘நான் போடவில்லை’ என்று சொல்லிவிடக் கூடாதே! 1877-ல் ஹூக்ளியில் ஓய்வூதியக்காரர்களிடமும் பத்திரப் பதிவுக்கு வருபவர்களிடமும் சிறைக் கைதிகளிடமும் இதையே கேட்டார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் அமைந்தது. ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் முறையைக் கண்டவர்கள் அஜீஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர்கள். பெயர் மட்டும் அவர்களின் மேலதிகாரி ஹென்றி துரைக்குப் போயிற்று. அதுவும் அக்கால வழக்கந்தான்! நாம் கவனிக்க வேண்டியது வேறு. ரேகை பிறந்தபோதே சந்தேகத்தோடு பிறந்தது. ஆள்பவன் ஆளப்படுபவனை நம்பவில்லை; அதனால் கையை நீட்டச் சொன்னான்.

கடல் கடந்து போன தமிழன் அதை அங்கேயே புரிந்துகொண்டான். 1906-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு, ஆசியர் அனைவரும் பதிவு செய்து விரல்ரேகை கொடுத்தாக வேண்டும் என்று ஆணை கொண்டுவந்தது. காந்தியாரோடு சேர்ந்து எதிர்த்துச் சிறை புகுந்தவர்களில் தம்பி நாயுடு முதலாகத் தமிழ் பேசியவர்கள் மிகப் பலர். 1908 ஆகஸ்டு 16-ல் ஜோகன்னஸ்பர்க் நகரில் பதிவுச் சீட்டுகளைக் குவித்துத் தீ வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு வகைப் போராட்டம். தீயில்லை, சிலேட்டும் பல்பமுந்தான். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் புகுந்தபோது, பகலெல்லாம் நாற்று நட்ட பெண்கள் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்தப் பெண்கள் சைக்கிளும் கற்று ஊர்வலம் போனது உலகறிந்த செய்தி. எதற்காகக் கற்றார்கள்? கைநாட்டு வைக்கும் இழிவு போகட்டுமென்று! தன் பெயரைத் தானே எழுதுகிற அந்த நாலெழுத்துப் பெருமைக்காக!

எழுதக் கற்றுக்கொண்டு நிமிர்ந்தாள். இன்று அவள் கையெழுத்தை ஒருவரும் கேட்பதில்லை. “எழுத்தெல்லாம் வேணாம், கட்டைவெரல வையி” என்கிறார்கள். படித்தவனும் கைநாட்டு, பட்டம் வாங்கியவனும் கைநாட்டு! ஒருவகையில் சமத்துவந்தான். ஆனால் பட்டம் வாங்கியவனின் விரல் பொருந்துகிறது. பருத்தி எடுத்தவளின் விரல் பொருந்தவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதார் எண்ணை வழங்கும் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது: ரேகை பொருந்தாவிட்டால் கருவிழி பாருங்கள், கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவு எண் அனுப்புங்கள், எதுவும் முடியாவிட்டால் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுங்கள் என்று. அந்தச் சுற்றறிக்கை ஏன் அவ்வளவு அவசரமாகப் பிறந்தது? அதற்கு முந்தைய மாதம் ஜார்க்கண்டில், சிம்டேகா மாவட்டத்தில், பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்ப அட்டை அடிபட்டுப் போயிற்று, அரிசி நின்றது, பட்டினியில் பிள்ளை செத்தது என்றாள் தாய். காய்ச்சலில் இறந்தாள் என்றது அரசு. எதுவாயினும் அந்த வீட்டில் அரிசி இல்லை.

2018 செப்டம்பர் 26-ல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்தபோதும், உதவித் திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று பெரும்பான்மையோர் சொன்ன அதே தீர்ப்பில், ரேகை பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக உரியவருக்கு உரியதை மறுக்கக் கூடாது என்பதையும் பதிந்தே வைத்தார்கள். தமிழகத்தில் 2020 அக்டோபரில் கடைதோறும் ரேகைக் கருவி வந்தது. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பாதீர்கள், பதிவேட்டில் ஒப்பம் வாங்கிப் பொருளைக் கொடுங்கள் என்று அரசும் அறிவுறுத்தியது. குடும்பத்தில் வேறு ஒருவர் விரல் வைத்தாலும் போதும். வர இயலாத முதியோர் தம் சார்பில் ஒருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம். கருவிழி பார்க்கும் கருவியும் பல கடைகளுக்கு வந்தது. எழுபது நிரம்பியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுசெல்லும் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கிற்று.

எல்லாம் ஏட்டில் இருக்கிறது. கடை வாசலில் நிற்பவளுக்கு அது தெரியவில்லை. அவளுக்கு எழுபதும் ஆகவில்லை, மகன் திருப்பூரில், மருமகளும் அங்கேயே. தனியாள். “நாளைக்கி வா” என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

நாம் கருவிக்குப் பகைவர் அல்லர். அப்படி யாராவது திரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். விஞ்ஞானம் வேண்டாம், கட்டைவண்டியே போதும் என்று சொல்லும் கூட்டம் வேறு. அதனோடு நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பாருங்கள். “பத்து ரூபாய் பெறப்பட்டது!” என்று பெட்டி ஒன்று கணீரென்று தமிழில் அறிவிக்கும். வங்கி வாசலில் கைகட்டி நின்ற சாமானியனின் கடையிலே வங்கியே வந்து குந்திக்கொண்டு தமிழ் பேசுகிறது! சில்லறை இல்லையென்று மிட்டாயைத் திணிக்கும் தொல்லை ஒழிந்தது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதென்று அறிவித்தார்களே, அந்த நாள்களில் ஏ.டி.எம். வாசலில் நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் பெட்டியின் குரல் தேனாகவே இருக்கிறது.

லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு குறைவு. ஒருகாலத்தில் கடிதம் வரப் பதினைந்து நாள். அதைப் படித்துக் காட்ட ஒரு பையனைத் தேட வேண்டும். அவன் படிக்கும்போது புருஷன் பெண்டாட்டி இரகசியமெல்லாம் அவனுக்கும் தெரிந்துவிடும்! இன்று அடுப்படியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, குழம்பு தாளித்துக்கொண்டே துபாயில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள் தாய். “என்னடா, எளச்சிப் போயிட்ட?” என்று அதட்டுகிறாள். இதைத் தூற்ற எவனுக்கு மனம் வரும்?

பெரம்பலூருக்கு இரயில் இல்லை. மாவட்டத் தலைநகரம், 1995-ல் மாவட்டமாயிற்று, இன்றும் தண்டவாளம் எட்டிப் பார்க்கவில்லை. மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் இரயில் இல்லாத ஊரில் உட்கார்ந்து இரயில் சீட்டு எடுக்கலாம்! எடுத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் போய் அரியலூரில் ஏறலாம். அவசரச் சீட்டுக்குக் காலை பதினொரு மணிக்குக் கைப்பேசியோடு தவம் கிடக்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறோம். பதினொன்று அடிக்கும், வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் போய்விடும், சீட்டு வராது. பக்கத்து நாற்காலிக்காரன் “எனக்குக் கெடச்சிருச்சி!” என்று துள்ளுவான். இது குறைப்பட்டுக்கொள்ளும் விஷயமா, சிரிக்கும் விஷயமா என்று தெரியவில்லை.

போன பணம் என்னவாகிறது? இங்கே ஒரு செய்தி. இதைப் படிப்பகத்துப் பலகையில் எழுதி வையுங்கள்.

2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், அந்த நாள் போக ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பி வைக்க வேண்டும். யூ.பி.ஐ. வழியாக ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள். கடைக்குச் செலுத்தியது சேராவிட்டால் ஐந்து நாளுக்குள். தவறினால், தவறும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு. வாடிக்கையாளர் மனுப் போட வேண்டுமென்பதில்லை. தானே கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை பேர் அந்த நூறு ரூபாயைக் கண்டிருக்கிறார்கள்? குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பாட்டாளியிடம் பிடிக்கும்போது கருவி ஒரு நாளும் தவறுவதில்லை! 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுந்த அன்றைக்கே சில வங்கிகள் பழைய பாக்கி என்று அதில் கை வைத்தன. மாநில நிதியமைச்சரே கண்டித்து அறிக்கை விட நேர்ந்தது. பிடிப்பதற்கு மின்னல் வேகம், கொடுப்பதற்கு “சர்வர் சரியில்லை.”

வங்கிக்கு எழுதி முப்பது நாள் ஆகியும் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். காசு செலவில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

மோசடிக்காரன் கதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். “வங்கியிலிருந்து பேசுகிறேன், கார்டு முடங்கிவிடும், வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்பான். சொல்லக் கூடாது. போலீஸ் உடையில் கைப்பேசித் திரையில் தோன்றி ‘உன்னை இப்போதே கைது செய்துவிட்டேன்’ என்பவனும் திருடன்தான். திரை வழியாகக் கைது செய்யும் சட்டம் இந்நாட்டில் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் அப்போதே 1930-க்கு அழைக்க வேண்டும். நம்மிடம் தவறில்லாமல், வெளியாள் எவனோ புகுந்து எடுத்திருந்தால், வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் முழு நட்டமும் நம் தலையில் விழாது; இதுவும் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி. நாமே எண்ணைச் சொல்லிக் கொடுத்திருந்தால் புகார் கொடுக்கும் வரையிலான நட்டம் நம்முடையது. ஆகவே விரைவு முக்கியம்.

நூறு நாள் வேலையிலும் இதே கூத்து. 2023 சனவரி 1 முதல் பணித்தளத்தில் காலையும் பிற்பகலும் கைப்பேசியில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகை என்றார்கள். கோபுரம் எட்டாத ஏரிக்கரையில் படம் ஏறவில்லை. மண் வெட்டியவள் வராதவளானாள். 2024 சனவரி முதல் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் கூலி. திருட்டு ஒழிந்ததா? 2025 ஜூலையில் அந்த அமைச்சகமே எழுதிய கடிதம் சொல்கிறது: படத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள் என்று. ஏய்ப்பவனுக்கு வழி தெரிந்துவிட்டது. உழைத்தவளுக்குத்தான் வழி அடைபட்டது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்கே மாற்றாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றிவிட்டது. அதைப் பற்றிப் பேச ஒரு கட்டுரை போதாது, பிறகு பேசுவோம்.

அரியலூர் என்றால் வயதானவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 23, விடியுமுன் நேரம். பெருமழை. மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரிக்கப்பட்டு, தூத்துக்குடிக்குப் போன விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை. வண்டியை அவர் ஓட்டவில்லை. ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்றார். ‘பிரயாணிகள் நாளைக்கு வரட்டும்’ என்று சொல்லவில்லை.

ஒரு பாலம் உடைந்ததற்கு ஓர் அமைச்சர் பொறுப்பேற்ற மண்ணில், ஒரு பெட்டி கோளாறானதற்கு யார் பொறுப்பு? கடைக்காரர் சர்வர் என்கிறார். சர்வர்காரர் நெட்வொர்க் என்கிறார். நெட்வொர்க்காரர் ஆதார் என்கிறார். ஆதார்க்காரர் விரல் என்கிறார். கடைசியில் குற்றவாளி யார்? ஆயாவின் விரல்!

இதைத்தான் மாற்றக் கேட்கிறோம். கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கருவி தவறினால் தண்டனை கருவியை வைத்தவனுக்கு. விரலை வைத்தவளுக்கு அல்ல. வங்கி தவறினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் என்று விதி இருக்கிறதே, அதுபோல அரிசி தவறினால் என்ன? கூலி தவறினால் என்ன? ஒவ்வொரு கடையிலும் அந்தப் பதிவேடு இருக்க வேண்டும்; இருக்கிறதென்று சுவரில் எழுதியிருக்க வேண்டும்; மாதம் எத்தனை பேரின் விரல் பொருந்தவில்லை என்ற கணக்கு ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும்.

இனி நம் தோழர்களுக்கு. முன்பு நாம் படிப்பகத்திலும் முடிதிருத்தகத்திலும் ஏடுகளை உரக்கப் படித்தோம். கேட்டவர்கள் பாதிப் பேர் எழுத்தறியாதவர்கள். மனு எழுதிக் கொடுத்தோம். மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுத்தோம். இன்று கையிலே கைப்பேசி இருக்கிறது. தலைவர் படத்தை வைத்துக்கொண்டு அதிலே வாழ்த்து அனுப்பினால் மட்டும் போதுமா? மாதம் ஒரு நாள் உங்கள் ஊர்க் கடை வாசலில் நில்லுங்கள். எவர் விரல் பொருந்தவில்லை என்று பார்த்துப் பெயர் எழுதுங்கள். நியமனப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். வங்கியில் பணம் மாட்டியவனுக்குப் புகார் எழுதிக் கொடுத்து, அதன் எண்ணை அவன் சீட்டிலேயே குறித்துக் கொடுங்கள். ஒன்று மட்டும்: பாட்டியின் கடவு எண்ணை நீங்கள் தெரிந்துகொள்ளாதீர்கள். அவள் சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு தெரிந்துகொண்ட எண்ணால் ஊரில் எத்தனை பகை மூண்டிருக்கிறது!

மறுநாள் அந்த ஆயாவோடு கிளைத் தோழர் ஒருவர் கடைக்குப் போனார். சண்டை போடவில்லை. “விரல் பொருந்தாதவர்களுக்குப் பதிவேடு உண்டல்லவா அண்ணே?” என்றுதான் கேட்டார். கடைக்காரர் ஒரு நொடி யோசித்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார். பதிவேடு இருந்தது. அட்டை எண்ணை எழுதினார், அரிசியை நிறுத்தார். பிறகு பழக்கத்தில் மைப் பெட்டியை ஆயாவின் பக்கம் நகர்த்தினார்.

“அது எதுக்குச் சாமி?” என்றாள் அவள். “பேனாவக் குடு.”